பள்ளி நாற்றங்காலுக்கு வேப்பமுத்து: பொறுக்கிய வாரமே ஊன்றுங்கள்

மாணவர்களை வைத்து வேப்பங்கன்று வளர்க்க நினைத்தால், விதையைச் சேர்த்து வைக்காமல் பழம் உதிரும் ஜூன், ஜூலையிலேயே ஊன்றிவிடுங்கள். பள்ளி திறக்கும் நேரமும் அதுதான்.

வேப்பமுத்தின் முளைப்புத்திறன் சில வாரங்களிலேயே வெகுவாகக் குறைந்துவிடும். மழை வரட்டும் என்று டப்பாவில் போட்டு வைத்து அக்டோபரில் ஊன்றினால் பெரும்பாலும் முளைக்காது; பிள்ளைகள் சோர்ந்துபோவார்கள். இப்போதே ஊன்றினால் வடகிழக்குப் பருவமழை தொடங்கும்போது நடுகிற அளவுக்குக் கன்று தயாராக இருக்கும், கன்று வாங்கும் செலவும் மிச்சம்.

மஞ்சளாகப் பழுத்ததையே பொறுக்கச் சொல்லுங்கள். சதையைப் பிதுக்கி, வழவழப்பு போகும்வரை மணலோடு தேய்த்துக் கழுவி, ஓரிரு நாள் நிழலில் உலர்த்தினால் போதும். கழுவிய பால் பாக்கெட்டின் அடியில் நாலைந்து துளை போட்டு, செம்மண், மணல், மக்கிய சாண எரு கலந்து நிரப்பி, விரல் நுனி அளவு ஆழத்தில் ஊன்றலாம். சாதாரணமாக இரண்டு மூன்று வாரத்தில் முளைத்துவிடும், பிள்ளைகளின் பொறுமைக்கு அது சரியான கால அளவு. நடும்போது பாக்கெட்டைக் கட்டாயம் கிழித்து எடுத்துவிட வேண்டும்.

புளி, கொன்றை, வாகை போன்ற கெட்டித்தோல் விதைகளுக்கு இந்த அவசரம் இல்லை. அவற்றை உலர்த்தி மாதக்கணக்கில் வைக்கலாம். கொன்றை விதையை மட்டும் சொரசொரப்பான கல்லில் லேசாக உரசி, இரவு முழுக்க ஊறவைத்து ஊன்றுங்கள்.