குடும்பத்தோடு சிங்கப்பூர் வந்து கல்யாணத்துக்குக் கேட்கப் போகிறீர்களா?

இரண்டு குடும்பமும் சேர்ந்து சிங்கப்பூர் டூர் வருகிறோம், அங்கே வைத்து அவளிடம் கல்யாணத்துக்குக் கேட்கப் போகிறேன், அதுவரை அவளுக்கு ஒன்றும் தெரியக் கூடாது என்று திட்டம் போட்டிருக்கும் தம்பிமார்களுக்காக இதை எழுதுகிறேன். நான் சிங்கப்பூரில் யீஷூன் பகுதியில் வீவக வீட்டில், அதாவது அரசு கட்டிய அடுக்குமாடி வீட்டில், இருக்கிறேன். என் தம்பி கோயம்புத்தூரிலிருந்து இதே யோசனையோடு வந்தான். இங்கே ஏற்பாடெல்லாம் என் பொறுப்பு. அதற்கப்புறம் தெரிந்தவர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். தனித்தனியாக வாய்ஸ் மெசேஜ் அனுப்புவதைவிட ஒரே இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

இடமும் நேரமும் மட்டும் அவளுக்கு சர்ப்ரைஸாக இருக்கட்டும். கல்யாணப் பேச்சே சர்ப்ரைஸாக இருக்க வேண்டாம். ஊரில் கேட்டால், பிடிக்கவில்லை என்றால் அவள் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவாள். இங்கே எங்கே போவாள்? அதே ஹோட்டல், அதே வேன், காலைச் சாப்பாட்டில் எதிரே உங்கள் அம்மா, திரும்பும் விமானத்தில் பக்கத்து சீட்டில் நீங்கள். "யோசிச்சுச் சொல்றேன்" என்று சொல்வதற்குக்கூட அவளுக்குச் சங்கடமாக இருக்கும். அந்தச் சங்கடத்தில் வருகிற சம்மதம் உங்களுக்கு வேண்டாம். அதனால் டிக்கெட் போடுவதற்கு முன்பே கல்யாணம், வேலை, எந்த ஊரில் குடித்தனம் என்பதெல்லாம் இருவரும் மனம்விட்டுப் பேசி முடித்திருக்க வேண்டும். என்றைக்கு, எங்கே கேட்கப் போகிறீர்கள் என்பது மட்டும் அவளுக்குத் தெரியாமல் இருந்தால் போதும்.

அடுத்து அவளுடைய அப்பா, அம்மா. நேரில் போய் உட்கார்ந்து சொல்லுங்கள். ஜாதகம் பார்க்காமல் பேச்சே எடுக்கக் கூடாது என்கிற வீடாக இருந்தால் அதையும் ஊரிலேயே முடித்துவிட்டு வாருங்கள். அவர்களுக்கு இஷ்டமில்லை என்று தெரிந்தும், வெளிநாட்டில் நாலு பேருக்கு முன்னால் கேட்டுவிட்டால் மறுக்க மாட்டார்கள் என்று யாராவது ஐடியா கொடுத்தால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அது பெற்றவர்களைக் கையைக் கட்டிப்போட்டு நிறுத்துவது. அவளுடைய தாய்மாமாவுக்கும் சொல்லிவைப்பது நல்லது. நாளைக்குச் சீர் கொண்டுவந்து முன்னால் நிற்கப் போகிறவர் அவர்.

இவ்வளவு பேருக்குச் சொல்லிவிட்டு ரகசியத்தை எப்படிக் காப்பது? குழந்தைகளிடம் மட்டும் சொல்லாதீர்கள். மற்றவர்களுக்கு ஒரு தனி வாட்ஸ்அப் குழு தேவைப்படும். அதற்கு "டிக்கெட் பிரிண்ட்" மாதிரி யாரும் எட்டிப் பார்க்காத பெயராக வையுங்கள். டூரில் போன்கள் எல்லாக் கைக்கும் போகும். உங்கள் அம்மா எடுத்த போட்டோவை அவள் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் மேலே "மோதிரம் பத்திரமா?" என்று ஒரு மெசேஜ் வந்து நிற்கும். அந்தக் குழுவின் அறிவிப்புகளை எல்லோரும் அணைத்து வைக்க வேண்டும்.

மோதிர அளவுக்கு, அவள் அந்த விரலில் போடும் பழைய மோதிரத்தை அவளுடைய அம்மாவிடம் கேட்டு வாங்கி, உள்விட்டத்தை ஸ்கேலில் மில்லிமீட்டர் கணக்கில் அளந்து ஆசாரியிடம் கொடுங்கள். இந்த ஊர் வெக்கையில் விரல் கொஞ்சம் உப்பும், அதனால் இறுக்கமாகச் செய்ய வேண்டாம். மோதிரம் செக்-இன் பெட்டிக்குள் போகவே கூடாது, கைப்பையில்தான் இருக்க வேண்டும். விமான நிலைய சோதனையில் பையைத் திறக்கச் சொன்னால் எல்லோர் முன்னாலும் டப்பா வெளியே வந்துவிடும். என் தம்பி டப்பாவைத் தனியாகப் பெட்டியில் போட்டுவிட்டு, மோதிரத்தை மட்டும் சின்னத் துணிப்பையில் சுற்றி எங்கள் அப்பாவின் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்தான். அப்பா கண்ணாடியை யாரும் தொட மாட்டார்கள். பில்லைப் போட்டோ எடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது இந்தியாவில் சுங்கத்தில் கேட்டால், ஊரில் வாங்கியதுதான் என்று காட்ட அது வேண்டும்.

இங்கேயே வாங்குவதானால் சிராங்கூன் சாலையில் நகைக்கடைகள் வரிசையாக இருக்கின்றன. விலையோடு 9 சதவீத ஜிஎஸ்டி சேரும். சுற்றுப்பயணிகளுக்கு வரியைத் திருப்பித் தரும் திட்டம் ஒன்று உண்டு. அதில் சேர்ந்த கடையில் குறைந்தது 100 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) வாங்கும் சுற்றுப்பயணிகள், சாங்கி விமான நிலையத்தில் கிளம்பும்போது அந்த வரியைத் திரும்பக் கேட்கலாம். அதற்குப் பயணியே தன் பாஸ்போர்ட்டைக் காட்டி வாங்கியிருக்க வேண்டும். இங்கே குடியிருக்கும் அக்கா போய் வாங்கி வைத்தால் கிடைக்காது. விமான நிலையத்தில் பொருளைக் காட்டச் சொல்லலாம், கையோடு இருக்கட்டும்.

இனி இடம். இதில்தான் எல்லோரும் வீடியோ பார்த்து முடிவு செய்கிறார்கள், நான் இதில்தான் அதிகம் மல்லுக்கு நிற்பேன். சிங்கப்பூர் ஃப்ளையர் ராட்டினம் 165 மீட்டர் உயரம், பார்க்க அற்புதமாக இருக்கும். ஆனால் ஒரு சுற்று வர ஏறக்குறைய அரை மணி நேரம். உச்சியில் கேட்டு, அவளுக்கு ஒரு நிமிடம் தனியாக நிற்கத் தோன்றினால், கண்ணாடிக் கூண்டுக்குள் மாமனார் மாமியாரோடுதான் நிற்க வேண்டும். ஃபேபர் மலையிலிருந்து செந்தோசா போகும் கேபிள் காருக்கும் இதேதான். கரையோரப் பூந்தோட்டத்தில் (கார்டன்ஸ் பை தி பே) சூப்பர்ட்ரீ என்கிற செயற்கை மரங்களின் ஒளிக்காட்சி தினமும் இரவு 7.45க்கும் 8.45க்கும் இலவசமாக நடக்கிறது. குடும்பத்தோடு தரையில் படுத்து அண்ணாந்து பார்க்க அதைவிட நல்லது இல்லை. ஆனால் அந்தப் பாட்டுச் சத்தத்தில் நீங்கள் கேட்பது அவளுக்குக் கேட்காது, கூட்டத்தில் முன்பின் தெரியாத ஐம்பது பேர் போனைத் தூக்குவார்கள். ராத்திரி வெளிச்சமும் கடல் காற்றும் வேண்டும் என்றால் மரினா அணைக்கட்டின் புல்தரை மாடிக்குப் போங்கள், அங்கே தள்ளி நிற்க இடம் உண்டு. ஹெண்டர்சன் வேவ்ஸ் பாலமும் அழகுதான், முழங்கால் வலி உள்ளவர்களைக் கூட்டிப்போக ஏற்றதல்ல.

என் தம்பி மனதில் வைத்திருந்த பெண், உறவில் ஒருத்திக்கு யாரோ மாலில் மண்டியிட்டுக் கேட்ட வீடியோவைப் பார்த்துவிட்டு, "என்னை இப்படிக் கூட்டத்துல நிக்க வச்சா நான் ஓடிருவேன்" என்று எப்போதோ சொல்லியிருக்கிறாள். அந்த ஒரு வாக்கியம் எங்களுக்குப் போதுமானதாக இருந்தது. பூமலையில் (பொட்டானிக் கார்டன்ஸ்), காலையில், கூட்டம் வருவதற்கு முன்பு என்று முடிவு செய்தோம்.

பூமலை 1859இல் தொடங்கிய தோட்டம், 2015இல் யுனெஸ்கோ உலக மரபுடைமைத் தலமானது. காலை 5 மணிக்கே திறந்துவிடுவார்கள், ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும்தான் கட்டணம். அதன் பேரிலேயே ஒரு எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையம் இருக்கிறது என்று அங்கே இறங்கினால் தோட்டத்தின் மறுகோடியிலிருந்து நடக்க வேண்டியிருக்கும். நேப்பியர் நிலையத்தில் இறங்கி தாங்ளின் வாசல் வழியாக வாருங்கள். அந்தப் பக்கத்துப் புல்வெளியில் ஒரு பழைய தெம்புசு மரம் நிற்கிறது, சுற்றிலும் வேலி போட்டுக் காக்கிறார்கள். அதன் ஒரு கிளை தரைக்குப் பக்கத்தில் படுக்கைவாட்டில் நீண்டு போகும். ஐந்து வெள்ளி நோட்டின் முன்பக்கத்தில் முதல் அதிபர் யூசோஃப் இஷாக், பின்பக்கத்தில் இந்த மரம்.

தம்பி அவள் கையில் ஒரு ஐந்து வெள்ளி நோட்டைக் கொடுத்து, "இந்த மரம் இங்கதான் எங்கயோ இருக்காம், கண்டுபிடி பாப்போம்" என்றான். தேடிக் கண்டுபிடிப்பது என்றால் அவளுக்கு உயிர். மற்ற எல்லோரையும் அன்னக்குளத்துப் பக்கம் பிரட் கொண்டுபோய் உட்கார வைத்தோம். பெரியவர்களுக்கு உட்கார இடமும் வாய்க்கு ஏதாவதும் இருந்தால் யாரும் பின்னாலேயே வர மாட்டார்கள். அவள் நோட்டைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து ஒவ்வொரு மரமாக வைத்துப் பார்த்துக்கொண்டே போனாள். கடைசியில் அந்தக் கிளையையும் நோட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்து, "டேய், இதேதான்!" என்று திரும்பினாள். அவன் மோதிரத்தோடு நின்றுகொண்டிருந்தான். மண்டியிடவில்லை. "நாம கல்யாணம் பண்ணிக்கலாமா? இப்பவே சொல்லணும்னு இல்ல" என்றான். அவள் முதலில் கேட்டது, "எங்கப்பாவுக்குத் தெரியுமா?" "தெரியும். உங்க மாமாவுக்கும் தெரியும்." அப்புறம்தான் கையை நீட்டினாள். இதெல்லாம் பிறகு அவளே என்னிடம் சொன்னது. நான் பறவையைப் படம் எடுக்கிற மாதிரி தள்ளி நின்றுகொண்டிருந்தேன்.

நீங்களும் அப்படி ஒரே ஒருவரைப் படம் எடுக்க வையுங்கள், போதும். வீடியோ அவர் போனிலேயே இருக்கட்டும், யாருக்கு அனுப்பலாம் என்று அவள் சொல்லட்டும். "இப்பவே சொல்லணும்னு இல்ல" என்ற வாக்கியத்தைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். அவள் அவகாசம் கேட்டால் குடும்பம் என்ன செய்ய வேண்டும் என்பதும் முன்கூட்டியே பேசி வைத்ததாக இருக்க வேண்டும். எங்கள் வீட்டில், தம்பி கையை ஆட்டாமல் திரும்பி வந்தால் யாரும் ஒரு வார்த்தை கேட்கக் கூடாது, நேராகச் சாப்பிடப் போக வேண்டும் என்று அப்பா எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். டூரின் முதல் நாளில் கேட்காமல் கடைசிக்கு முந்தைய நாளில் கேட்பதும் இதற்காகத்தான். சம்மதம் என்றால் கொண்டாட ஒரு நாள் இருக்கிறது. இல்லை என்றால் ஒரு நாளை நாகரிகமாகக் கடத்திவிடலாம்.

நேரம் பார்க்கிற வீடுகளுக்கு ஒரு குறிப்பு. இங்கே வருடம் முழுக்கச் சூரியன் காலை 7 மணியை ஒட்டி உதித்து மாலை 7 மணியை ஒட்டி மறைகிறது. ஊர் நாட்காட்டியில் திங்கட்கிழமை ராகு காலம் 7.30 முதல் 9 வரை என்று போட்டிருப்பது, உதயம் 6 மணி என்று வைத்துப் போட்ட கணக்கு. இங்கே அது ஏறக்குறைய ஒரு மணி நேரம் தள்ளி 8.30 முதல் 10 வரை வரும். இதைத் தெரியாமல் அம்மாவோடு காலையில் வாக்குவாதம் வேண்டாம்.

மழை எந்த மாதத்திலும் வரும். நவம்பரிலிருந்து ஜனவரி வரை அதிகம். இடி மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் என்பதால் காலை பரவாயில்லை, ஆனாலும் சில நாள் விடியற்காலையிலேயே பலத்த காற்றோடு கொட்டும். இடி இடித்தால் மரத்தடியில் நிற்கக் கூடாது, அழகான திட்டமாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். கரையோரப் பூந்தோட்டத்துக் கண்ணாடி மாடங்களை மாற்று இடமாக வைத்துக்கொள்ளுங்கள். அவற்றில் ஒன்றான மேகக்காட்டில் (கிளவுட் ஃபாரஸ்ட்) உள்ளே நுழைந்ததுமே 35 மீட்டர் அருவி.

பூ வேண்டும் என்றால் தோட்டத்தில் பறிக்கக் கூடாது, சட்டப்படி குற்றம். இதழ்களைத் தரையில் தூவிவிட்டுப் போனால் குப்பை போட்டதாக ஆகும். முந்தின நாள் மாலை லிட்டில் இந்தியாவின் தேக்காவில் பஃபலோ சாலைப் பக்கம் மல்லிகைச் சரம் வாங்கி, ஈரத்துணியில் சுற்றி ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்துப் போங்கள். பட்டாசு, வாணவெடி பற்றி யாராவது பேசினால், இங்கே 1972லிருந்தே தடை. டிரோன் கொண்டுவருகிறவர்கள், 250 கிராமுக்கு மேல் எடை என்றால் பதிவு செய்ய வேண்டும் என்பதைப் படித்துவிட்டு வாருங்கள். நான் டிரோனே வேண்டாம் என்பேன், தலைக்கு மேல் அது சுற்றினால் அவளுக்குப் புரிந்துவிடும்.

மோதிரம் போட்டு முடிந்ததும் அவளை அவளுடைய அம்மாவிடம் கூட்டிப் போங்கள். பூவை வைத்துவிட வேண்டியவர் அவர்தான். பிறகு போன். நம் ஊர் இரண்டரை மணி நேரம் பின்னால். இங்கே காலை எட்டு என்றால் அங்கே ஐந்தரை. கோலம் போட எழுந்திருக்கும் பாட்டிகளுக்கு முதலில் பேசுங்கள். அவளுடைய பாட்டி, அப்புறம் அவளுடைய மாமா, அப்புறம்தான் உங்கள் பக்கம். மாமா எழுந்திருக்கும்வரை யாரும் ஸ்டேட்டஸ் போடக் கூடாது. நாங்கள் சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோவிலுக்குப் போய்ச் சேரும்வரை எல்லோர் போனும் என் அம்மாவின் பைக்குள்தான் இருந்தது. 1827இலிருந்து இருக்கிற கோவில் அது. அங்கே அர்ச்சனை முடித்து, வாசலில் வைத்து மாமாவுக்கு வீடியோ கால் போட்டோம், அவர் அவளைப் பார்த்து "மோதிரத்தைக் காட்டும்மா" என்றார். அதற்கப்புறம் பையைத் திறந்து எல்லோருக்கும் போனைக் கொடுத்தாள் அம்மா.