ஸ்பிட்ஃபயர் கேனபிக்குள்ள வந்த வெள்ளைப் படலம்

1/72 ஸ்பிட்ஃபயர் மாடல் (நிஜ போர் விமானத்துல 72-ல ஒரு பங்கு சைஸ்), இறக்கை மொத்தமே 15 செ.மீ. சொச்சம்தான், அதுக்குள்ள பித்தளை ஃபோட்டோ எட்ச் (மெல்லிசு தகட்ட அரிச்சு செஞ்ச) சீட் பெல்ட், டேஷ்போர்டு எல்லாம் சூப்பர் க்ளூல ஒட்டி அன்னிக்கே கேனபிய (காக்பிட் மேல வர்ற கண்ணாடி மாதிரி மூடி) ஃபெவிகால் வச்சு மூடிட்டேன். காலைல பாத்தா உள்பக்கம் பனி புடிச்ச மாதிரி வெள்ளையா இருக்கு.

ஈரம்னு நெனச்சு சிலிகா ஜெல் டப்பால ரெண்டு நாள் வச்சேன், வேஸ்ட். ஃபெவிகால்ங்கறதால தண்ணி தொட்டு கழட்டி துடைச்சு, கழண்டு வந்த பெல்ட்ட திரும்ப சூப்பர் க்ளூலயே ஒட்டி மூடுனேன், மறுபடி அதே கதை.

அப்பதான் லென்ஸ் வச்சு பாத்தேன், வெள்ளைக்கு நடுவுல என் கட்டைவிரல் ரேகை அச்சா தெரியுது! போலீஸ் கைரேகை எடுக்கற ஒரு வழியே சூப்பர் க்ளூ புகைதான். ஆக ஈரம் இல்ல, பசை ஆவி, மூடுன எடத்துல வெளிய போக வழியில்லாம படிஞ்சிருக்கு.

கேனபிய கழட்டி, மெல்லிசு பாலிஷிங் காம்பவுண்ட பஞ்சுல தொட்டு தேச்சேன், போயிடுச்சு. சோப்புத் தண்ணில கழுவி, ட்வீசர்ல ஓரத்த மட்டும் புடிச்சேன். காக்பிட்ட ஒரு நாள் முழுக்க ஃபேன் காத்துல தெறந்தே போட்டு அப்பறம் ஃபெவிகால்ல மூடுனேன். ஒரு வாரமாச்சு, பெல்ட் பக்கிள் வரைக்கும் பளிச்சுனு தெரியுது. அப்பாடா.