மின்சார மவுண்டன் பைக்கைச் சொந்தமாக அமைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அண்மையில் ஓர் இளைஞர் தம்முடைய மவுண்டன் பைக்கையும், உறை பிரிக்காத ஒரு மோட்டார் பெட்டியையும் என் பணிமேசைக்குக் கொண்டுவந்தார். வண்டியைத் திருப்பிப் பார்த்தபோது, அதன் பாட்டம் பிராக்கெட் (பெடல் அச்சு உட்காரும் குழாய்) மரையில்லாத, 92 மில்லிமீட்டர் அகலமுள்ள, அழுத்திப் பொருத்தும் பிரஸ்-ஃபிட் வகையாக இருந்தது. பெட்டியில் இருந்த மோட்டாரோ, 68 முதல் 73 மில்லிமீட்டர் வரை அகலமுள்ள, மரையிட்ட குழாய்க்காகச் செய்யப்பட்டது. பல ஆண்டுகளுக்கு முன் நான் செய்த அதே தவறை, அதே உற்சாகத்தோடு அவரும் செய்திருந்தார்.

தலைக்கவசம் அணிவது, திருகுகளை இறுக்குவது போன்றவற்றை எவரும் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. பணத்தை விழுங்கும் தவறுகளை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

பாதிக் கணக்கைப் போட்டுவிட்டு மகிழ்தல்

மோட்டார் விலையையும் பேட்டரி விலையையும் கூட்டி, அதைக் கடையில் விற்கும் ஆயத்த வண்டியின் விலையோடு ஒப்பிட்டு, பாதிக்குப் பாதி மிச்சம் என்று முடிவுசெய்கிறார்கள். கூடிய எடையை இறக்கத்தில் நிறுத்துவதற்கான 203 மில்லிமீட்டர் டிஸ்க், நான்கு பிஸ்டன் பிரேக், அடிக்கடி தேயும் செயின், பின்சக்கரத்தின் பற்சக்கர அடுக்கான கேசட், ஒரே ஒருமுறை பயன்படப்போகும் கருவிகள் ஆகியவை அந்தக் கணக்கில் வருவதே இல்லை. பின்பக்கம் சஸ்பென்ஷன் இல்லாத நல்ல ஹார்ட்டெயில் வண்டி ஒன்று ஏற்கெனவே கையில் இருந்தால் மிச்சம் உண்டு. வண்டியையும் புதிதாக வாங்கி அமைப்பவருக்குப் பெரும்பாலும் மிஞ்சுவது அனுபவம்தான்.

ஃபிரேமை அளக்காமல் மோட்டார் வாங்குதல்

மேலே சொன்ன இளைஞரின் கதை போதும். முழு சஸ்பென்ஷன் வண்டியானால், பின்சக்கரத்தைத் தாங்கும் கையின் சுழல்மூட்டு மோட்டார் உட்காரும் இடத்திலேயே குறுக்கிடுகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பேட்டரியை ஸ்டிக்கரைப் படித்து வாங்குதல்

இதை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. முதல் வண்டியை அமைத்தபோது கையிருப்பில் பெரும்பகுதியை மோட்டாருக்குச் செலவிட்டுவிட்டு, மீதியில் கிடைத்த மலிவான பேட்டரியை வாங்கினேன். அதன் மேல் ‘48 வோல்ட், 20 ஆம்பியர்-மணி’ என்று ஒட்டியிருந்தது. சமதரையில் வண்டி பறந்தது. முதல் செங்குத்தான ஏற்றத்தில், இரண்டு பாறைகளுக்கு நடுவே மோட்டார் திடீரென்று நின்றது, திரையும் அணைந்தது. காலை ஊன்ற இடமில்லாமல் வண்டியோடு பக்கவாட்டில் சாய்ந்தேன். பேட்டரியைக் கழற்றி மாட்டியதும் ஒன்றும் நடக்காததுபோல் திரை மீண்டும் ஒளிர்ந்தது. அன்று மட்டும் இது நான்கு முறை நடந்தது.

நான் மோட்டாரைச் சந்தேகித்தேன், வயர்களைச் சந்தேகித்தேன், இணைப்பிகளை மாற்றினேன். ஒரு மாதம் கழிந்த பிறகுதான் வாட்மீட்டர் ஒன்றை இடையில் பொருத்தினேன். முழு சார்ஜில் 54 வோல்ட் காட்டிய பேட்டரி, ஏற்றத்தில் கன்ட்ரோலர் (மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) 30 ஆம்பியர் இழுத்தவுடன் 45-க்கு இறங்கியது. முழுவதும் வடியவிட்டு அளந்தபோது கிடைத்தது 8.6 ஆம்பியர்-மணி. ஸ்டிக்கரில் இருந்ததில் பாதிகூட இல்லை.

உறையைப் பிரித்தேன். 13 வரிசைகள், வரிசைக்கு 4 செல்களாக மொத்தம் 52 செல்கள். செல் ஒன்றுக்கு 7.5 ஆம்பியர் சுமை விழுந்திருக்கிறது. அந்தச் சிறிய செல்கள் அதற்காகச் செய்யப்பட்டவையே அல்ல. பன்னிரண்டு வரிசைகள் ஓரளவு தாக்குப்பிடித்தாலும், வலுக்குறைந்த ஒரு வரிசையின் மின்னழுத்தம் அனுமதித்த குறைந்தபட்ச அளவுக்குக் கீழே சரிந்தவுடன், பேட்டரியைக் காக்கும் பிஎம்எஸ் சுற்று முழுப் பேட்டரியையும் அணைத்திருக்கிறது. என்னைக் கீழே தள்ளிய அந்தச் சுற்று தன் கடமையைத்தான் செய்திருந்தது.

பிரித்துப் பார்க்காமலே இந்தப் பொய்யைக் கண்டுபிடித்திருக்கலாம் என்பதுதான் என்னை உறுத்துகிறது. 18650 எனப்படும் செல் 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்டது; நல்ல செல்லிலும் ஏறத்தாழ 3.5 ஆம்பியர்-மணிக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. 20 ஆம்பியர்-மணி வேண்டுமென்றால் வரிசைக்கு 6 வீதம் 78 செல்கள் தேவை. செல் ஒன்று 45 முதல் 50 கிராம் வரை இருக்கும் என்பதால், செல்கள் மட்டுமே மூன்றரைக் கிலோவைத் தாண்டிவிடும். என் பேட்டரி, உறையோடு சேர்த்தே 2.9 கிலோதான். சமையலறைத் தராசில் ஒரு நிமிடம் வைத்திருந்தால் ஸ்டிக்கரின் பொய் வெளிப்பட்டிருக்கும்.

விற்றவரிடம் கேட்டேன். கன்ட்ரோலரை 15 ஆம்பியருக்குக் குறைத்துக்கொள்ளச் சொன்னார். அப்படிச் செய்தால் பேட்டரி அணையாது. ஆனால் எந்த ஏற்றத்துக்காக அந்த மோட்டாரை வாங்கினேனோ, அந்த ஏற்றத்தில் மோட்டாருக்கும் பலம் இருக்காது. வேறொருவர் பிஎம்எஸ்ஸைத் தாண்டி நேரடியாக வயர் கொடுக்கலாம் என்றார். அதை ஒருபோதும் செய்யாதீர்கள். அளவுக்கு மீறி வடிந்த லித்தியம் செல்லுக்குள் செம்புத் தகடு கரையத் தொடங்கும். மறுபடி சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செம்பு வேண்டாத இடத்தில் படிந்து, உள்ளேயே ஷார்ட் ஆகித் தீப்பற்றக்கூடும்.

எனவே மூன்று கேள்விகளுக்கு விடை கிடைக்காமல் பேட்டரியை வாங்க வேண்டாம்: எந்த செல், மொத்தம் எத்தனை, தொடர்ச்சியாக எத்தனை ஆம்பியர் தரும்? மூன்றாவது எண், கன்ட்ரோலர் இழுக்கும் உச்ச ஆம்பியரைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். முதலில் பேட்டரி, பிறகு அதற்கேற்ற மோட்டார் என்ற வரிசையில்தான் நான் இப்போது பணத்தை ஒதுக்குகிறேன்.

சென்சாரைக் கேட்காமல் விடுதல்

பாஃபாங் பிபிஎஸ்ஹெச்டி போன்ற, சாதாரண வண்டியில் பொருத்துவதற்கென விற்கும் பல மோட்டார் கிட்களில், பெடல் சுற்றுகிறதா என்பதை மட்டும் அறியும் கேடன்ஸ் சென்சார்தான் இருக்கிறது. தார்ச்சாலையில் அது போதும். வேர்களும் கற்களும் நிறைந்த ஒற்றையடிப் பாதையில், கால் மெல்ல அசைந்தாலும் மோட்டார் சற்றுத் தாமதித்துப் பிறகு மொத்தமாக உந்தும்; வளைவில் அந்த உந்தல் நேரே புதருக்குள் கொண்டுபோய்விடும். கால் எவ்வளவு அழுத்துகிறதோ அதற்கேற்ப உதவும் டார்க் சென்சார்தான் ஆயத்த வண்டிகளின் உண்மையான பலம். டாங்ஷெங் டிஎஸ்டிஇசட்2 போன்ற சில கிட்களிலும் அது உண்டு.

மோட்டார் இழுத்துக்கொண்டிருக்கும்போதே கியர் மாற்றுதல்

பெடல் அச்சில் பொருத்தும் மோட்டாரின் முழு விசையும் செயின் வழியாகத்தான் போகிறது. ஒரு நொடி காலைத் தளர்த்திவிட்டு மாற்றுங்கள். அல்லது கியர் மாறும் நொடியில் மோட்டாரைத் துண்டிக்கும் சென்சாரைக் கேபிளில் பொருத்துங்கள். நான் அறுத்த மூன்று செயின்களும் ஏற்றத்தின் நடுவில் பொறுமையிழந்து கியரைத் தட்டியதால் அறுந்தவை.

ஹப் மோட்டார்

இது சக்கரத்தின் மையத்திலேயே அமையும் மோட்டார். சஸ்பென்ஷன் ஃபோர்க்கின் முன்சக்கரத்தில் வேண்டவே வேண்டாம். பின்சக்கரத்தில், 12 மில்லிமீட்டர் த்ரூ-ஆக்சில் (ஃபிரேமின் துளைகள் வழியே செருகும் அச்சு) உள்ள ஃபிரேம்களுக்குப் பெரும்பாலான கிட்கள் பொருந்தா.

சட்டம்

வாங்குவதற்கு முன் படியுங்கள். மோட்டாரின் தொடர்ச்சியான திறன் 250 வாட்டைத் தாண்டும்படியோ, மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்துக்கு மேலும் உதவும்படியோ அமைத்த வண்டியை ஐரோப்பிய ஒன்றியத்தில் சைக்கிளாகக் கொள்வதில்லை.

வாங்க வேண்டிய இடத்தில் அமைத்தல்

முழு சஸ்பென்ஷனுடன் கரடுமுரடான இறக்கங்களில் இறங்குவதே நோக்கமென்றால், ஆயத்த வண்டியை வாங்கிவிடுவது நல்லது. பேட்டரியின் எடையை ஃபிரேமே தாங்கும்படி அவற்றை வடிவமைத்திருக்கிறார்கள். நாமோ தண்ணீர் பாட்டிலுக்காக வைத்த இரண்டு திருகுகளில் நான்கு கிலோவைத் தொங்கவிடுகிறோம். அதே நேரத்தில், ஆயத்த வண்டியின் பேட்டரி பழுதானால் அந்த நிறுவனத்தின் பேட்டரிதான் பொருந்தும் என்பதால், மாற்றுப் பேட்டரி எத்தனை ஆண்டுகளுக்குக் கிடைக்கும் என்பதை வாங்கும்போதே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். என்னிடம் இரண்டு வகையும் உள்ளன. தொலைதூர ஏற்றங்களுக்கு நான் எடுப்பது என் கையால் அமைத்த ஹார்ட்டெயிலைத்தான்.

அந்த இளைஞரின் மோட்டார் இன்னும் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. மரையிட்ட பாட்டம் பிராக்கெட் கொண்ட பழைய ஃபிரேம் ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறார். பணம் கொடுப்பதற்கு முன் அதன் அகலத்தை அளந்து எனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.