தொட்டால் விடை காட்டும் பயிற்சித் தாள்: பிடிஎஃப்பா, எச்டிஎம்எல்லா?

ஹட்டன் பக்கத் தோட்டப் பிள்ளைகளுக்காகத் தரம் 5 புலமைப்பரிசில் பயிற்சித் தாள் ஒன்றை பிடிஎஃப்பில் செய்திருந்தேன். விடையைத் தொட்டால் சரியா பிழையா என்று காட்டும். கணினியில் அக்ரோபாட் என்ற பிடிஎஃப் செயலியில் நன்றாக ஓடியது. அம்மாமாரின் போனில் திறந்தால் வெறும் படம்தான். விடையைச் சரிபார்க்க பிடிஎஃப்புக்குள் இருக்கும் ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரலைப் பெரும்பாலான போன் செயலிகள் கண்டுகொள்வதில்லை.

ஈபப் 3 என்ற மின்நூல் வடிவத்தைப் பார்த்தேன். அதிலும் அப்படியான ஸ்கிரிப்டை ஓட்டுவது வாசிப்புச் செயலியின் இஷ்டம். அதற்கென்று தனிச் செயலி வேறு இறக்கச் சொல்ல வேண்டும். சரிவராது.

அப்புறம் இணையப் பக்கங்களை எழுதும் எச்டிஎம்எல்லில் ஒரே கோப்பாக்கினேன். சிக்னல் இல்லாத லய வீடுகளிலும் குரோமில் திறக்கும். விடையை மறைக்க ஸ்கிரிப்டே தேவையில்லை, 'டீடெயில்ஸ்' என்ற எச்டிஎம்எல் குறி (டேக்) போதும், தொட்டால் விரியும். படமும் ஒலியும் தனிக் கோப்பாக இருந்தால் வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது தொடர்பு அறுந்துவிடும். அதனால் அவற்றை பேஸ்64 என்ற முறையில் எழுத்துகளாக மாற்றி உள்ளேயே வைத்தேன். அவற்றின் அளவு மூன்றில் ஒரு பங்கு கூடும். ஒலியை ஒற்றைத் தடமாக (மோனோ) ஆக்கி ஈடுகட்டலாம். பழைய கேள்விகள் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் இருந்தன. அவற்றை யூனிகோடுக்கு மாற்றாவிட்டால் போனில் ஆங்கில எழுத்துக் குப்பைதான் தெரியும். உண்மையில் அதிக நேரம் தின்றது இந்த வேலைதான்.

அச்சுக்கு மட்டும் பிடிஎஃப் வைத்திருக்கிறேன். டவுனில் போட்டோகொப்பிக் கடைக்காரர் அதைத்தான் கேட்பார்.