சென்னைக்கு வடக்கே ஒரு நாள்: ஆந்திர எல்லைப் பக்கம் போய் வருவது எப்படி?

சென்னைவாசிகளுக்கு ஒரு நாள் ஓய்வு கிடைத்தால் வண்டி தெற்கே மாமல்லபுரத்துக்கோ மேற்கே காஞ்சிபுரத்துக்கோதான் திரும்புகிறது. வடக்கே கும்மிடிப்பூண்டியைத் தாண்டினால் தொழிற்சாலைகளும் லாரிகளும் தவிர வேறென்ன இருக்கிறது என்ற எண்ணம் பலருக்கும் இருப்பதை, எல்லையோரத்தில் குடியிருக்கும் எங்களைப் போன்றவர்கள் நன்றாக அறிவோம். உண்மையில், இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியான பழவேற்காடு ஏரி, கூழைக்கடாக்கள் கூடு கட்டும் சரணாலயம், ராக்கெட் ஏவுதளம், டச்சுக்காரர்கள் வாழ்ந்த துறைமுகம், விஜயநகரக் காலத்துக் கோயில்கள் ஆகிய அனைத்தும் நகரத்திலிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டருக்குள் இருக்கின்றன. காலையில் புறப்பட்டால் இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம்.

முதலில் முடிவு செய்ய வேண்டியது எந்தப் பாதை என்பதைத்தான். பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, சூலூர்பேட்டை என்று ஏரிக்கு இணையாகச் செல்லும் ரயில் பாதை ஒன்று. பெரியபாளையம், ஊத்துக்கோட்டை வழியாக மலையடிவாரத்தை நோக்கிச் செல்லும் சாலை மற்றொன்று. வரைபடத்தில் இரண்டும் அருகருகே தெரிவதால், காலையில் பழவேற்காடு, மதியம் நாகலாபுரம், மாலையில் காளஹஸ்தி என்று திட்டம் போட்டுக்கொண்டு வருவோர் உண்டு. அப்படிப் புறப்பட்டால் பகலில் பாதி வண்டிக்குள்ளேயே கழிந்துவிடும். பறவைகளைப் பார்க்க ஏற்ற வேளையும் தவறும், கோயிலுக்குப் போய்ச் சேரும்போது நடையும் சாத்தியிருக்கும். ஒரு நாளுக்கு ஒரு பாதை, அந்தப் பாதையிலும் இரண்டு இடங்களுக்கு மேல் வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

அடுத்தது பருவம். வடகிழக்குப் பருவமழை பெய்து ஏரி நிரம்பிய பிறகு, டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான காலம் ஏரிப் பாதைக்கு மிகவும் உகந்தது. கோடையில் ஏரியின் ஆழமில்லாத பகுதிகள் வற்றிச் சேறு வெடித்துக் கிடக்கும். தொலைவிலிருந்து பறவைகளைப் பார்க்க வந்தவர்கள் ஏமாந்து திரும்பும் மாதங்கள் அவை. அப்போது கோயில் பாதையை, அதையும் விடியற்காலையில் தொடங்கி, தேர்ந்துகொள்வது நல்லது.

பழவேற்காட்டுக்குப் போக விரும்புவோர், சென்னை மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து புறப்படும் புறநகர் ரயிலில் பொன்னேரியில் இறங்கி, அங்கிருந்து பேருந்து பிடிப்பதே எளிது. நகரத்துப் பாலங்களிலும் எண்ணூர்ச் சாலையிலும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே சிக்கிக்கொள்ள வேண்டியதில்லை. ஊருக்குள் நடக்க வேண்டியதையெல்லாம் உச்சிவெயிலுக்கு முன்பே நடந்து முடித்துவிட வேண்டும். 1613இல் டச்சுக்காரர்கள் கட்டிய கெல்டிரியா கோட்டை இன்று புதர் மண்டிய மேடாகத்தான் இருக்கிறது. ஆகவே கோட்டை பார்க்கப் போகிறோம் என்று குழந்தைகளுக்கு ஆசை காட்டி அழைத்து வராதீர்கள். பார்க்க வேண்டியது, இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள டச்சுக் கல்லறைத் தோட்டம். அதன் வாயிலிலேயே கல்லில் செதுக்கிய எலும்புக்கூட்டு உருவங்கள் நிற்கின்றன. உள்ளே தரையோடு தரையாகப் பதிந்திருக்கும் கல்லறைப் பலகைகளில், இறந்தவரின் குலச்சின்னமும் அதைச் சுற்றிய டச்சு எழுத்துகளும் இத்தனை நூற்றாண்டுக் கடற்காற்றுக்குப் பிறகும் விரலால் தடவிப் படிக்கும் அளவுக்குப் புடைத்து நிற்பதை, அவசரப்படாமல் குனிந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும். சோழமண்டலக் கரையில் டச்சு வணிகத்தின் தலைமையிடம் 1690 வாக்கில் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை இந்தச் சிற்றூரில்தான் இருந்தது. 1825இல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனது.

பிறகு ஏரிக்கரைக்கு வாருங்கள். தண்ணீரில் இடுப்பளவு மூழ்கி, கையாலேயே சேற்றைத் துழாவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களை இங்கே காணலாம். பிடித்ததைப் போடும் ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கைகளையும் தண்ணீருக்கடியில் ஓட்டியபடியே அவர்கள் மெல்ல நகர்வார்கள். வலைகட்டும் மீனவர்களிடையே, எந்த நாளில் யார் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்பதை முறைவைத்துத் தீர்மானிக்கும் ‘பாடு’ என்ற ஏற்பாடு தலைமுறைகளாக இருந்து வருகிறது. கரையில் ஓய்வாக இருக்கும் பெரியவர் யாரிடமாவது மரியாதையாகக் கேட்டால் பொறுமையாக விளக்குவார். உழைத்துக்கொண்டிருப்பவர்களைக் கேட்காமல் படம் எடுப்பது மட்டும் வேண்டாம்.

படகு பற்றி ஒரு வார்த்தை கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். 2011 டிசம்பர் 25 அன்று, கிறிஸ்துமஸ் விடுமுறைக்காக வந்த குடும்பத்தார் சென்ற படகு இங்கே கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்தார்கள். அதன் பிறகு சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை விதிக்கப்பட்டது. முகத்துவாரத்தருகே நீரோட்டம் கரையிலிருந்து பார்ப்பவருக்குப் புலப்படாது. ஆகவே யாராவது மெல்ல அழைத்து, சிறு தொகைக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னாலும் ஏறாதீர்கள்.

ஏரிப் பாதையில் என் மனத்துக்கு மிக நெருக்கமான நாள், நேலப்பட்டுச் சரணாலயத்தையும் ஸ்ரீஹரிகோட்டா சாலையையும் சேர்த்துப் பார்க்கும் நாள். இதற்குச் சொந்த வண்டி இருந்தால் வசதி; இல்லாவிட்டால் ரயிலில் சூலூர்பேட்டை வந்து, நாள் முழுவதற்கும் ஆட்டோ பேசிக்கொள்ளலாம். பேரத்தை ஏறுவதற்கு முன்பே, காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்து முடித்துக்கொள்ளுங்கள். காலையில் சரணாலயம், மாலையில் சாலை என்ற வரிசையை மாற்ற வேண்டாம். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

நேலப்பட்டு, சூலூர்பேட்டைக்கு வடக்கே தொரவாரிசத்திரத்தை அடுத்து இருக்கிறது. அங்கே ஏரிநீருக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில், அக்டோபரில் தொடங்கிப் புள்ளி அலகு கூழைக்கடாக்கள் கூடு கட்டுகின்றன. நத்தைகுத்தி நாரை, வெள்ளை அரிவாள்மூக்கன், வக்கா, நீர்க்காகம் ஆகியவையும் அதே மரங்களில் அடுக்கடுக்காகக் குடியேறுகின்றன. பார்வைக் கோபுரத்தில் ஏறிப் பத்து நிமிடம் பேசாமல் நின்றால், இரை தேடிப் போன கூழைக்கடா திரும்பி வந்து கிளையில் தடுமாறி அமர்வதையும், குஞ்சு தன் தலையையும் கழுத்தையும் தாயின் அலகுப் பைக்குள் முழுவதுமாக நுழைத்து மீனை எடுப்பதையும் காணலாம். இருநோக்கி ஒன்று கையில் இருந்தால் போதும். விலை உயர்ந்த கேமரா அவசியமில்லை. பளிச்சென்ற நிற ஆடைகளைத் தவிர்ப்பது நல்லது. கைபேசியில் பாட்டு வைப்பதும், பறக்கும் படம் வேண்டும் என்பதற்காகக் கைதட்டுவதும் கூட்டில் இருக்கும் முட்டைகளை வெயிலுக்கும் காகத்துக்கும் விட்டுக்கொடுப்பதற்குச் சமம். பிள்ளைகளுக்கு இதை வாயிலிலேயே சொல்லி அழைத்துச் செல்ல வேண்டும்.

மதியம் சூலூர்பேட்டையில் சாப்பிட்டுவிட்டு, காளங்கி ஆற்றங்கரையில் உள்ள செங்காளம்மன் கோயிலுக்குப் போய்விட்டு, மூன்று மணிக்கு மேல் ஸ்ரீஹரிகோட்டா சாலையில் இறங்கலாம். ஏரியின் நடுவே நேர் கிழக்காகச் செல்லும் அந்தச் சாலையில், நீர் உள்ள ஆண்டுகளில் இருபுறமும் பூநாரைகள் கூட்டம் கூட்டமாக மேய்கின்றன. காலையில் போனால் சூரியன் முகத்துக்கு நேரே இருக்கும். பறவைகள் கரிய உருவங்களாகத்தான் தெரியும். மாலையில் வெயில் முதுகுப் பக்கம் விழுவதோடு, குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால், சாலையின் வடபுறத்தில் உள்ள பறவைகளின் இளஞ்சிவப்பு நன்றாகத் துலங்கும். தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக நீரில் வைத்து, சேற்றை அரித்து உண்பது பூநாரையின் வழக்கம். அந்த நேரத்தில் அருகே நெருங்கினால் கூட்டமே எழுந்து போய்விடும் என்பதால் சாலையை விட்டு இறங்காமல் பாருங்கள். விண்வெளி மைய ஊழியர்களின் பேருந்துகள் ஓடும் சாலை இது. வண்டியை ஓரமாக நிறுத்துவதில் கவனம் வேண்டும்.

ராக்கெட் ஏவும் நாளில் வர விரும்புவோர், இஸ்ரோ தன் இணையதளத்தில் அறிவிக்கும் தேதியில் முன்பதிவு செய்து, அடையாள அட்டையுடன் வர வேண்டும். பொதுமக்களுக்கான பார்வையாளர் மாடம் 2019இல் திறக்கப்பட்டது. ஏவுதல் கடைசி நேரத்தில் தள்ளிப்போவது வழக்கம் என்பதால், அதை மட்டுமே நம்பித் தொலைவிலிருந்து முதியவர்களை அழைத்து வராமல் இருப்பது நலம்.

இனி ஊத்துக்கோட்டைச் சாலை. இதற்குப் பேருந்தே போதும். ஊத்துக்கோட்டையைத் தாண்டியதும் ஆந்திரம் தொடங்குகிறது. சிறிது தூரத்தில் சுருட்டப்பள்ளி. ஆலகால விஷத்தை உண்ட ஈசன் அம்பிகையின் மடியில் தலைவைத்துப் பள்ளிகொண்ட கோலம் வேறெங்கும் எளிதில் காணக் கிடைக்காதது. பிரதோஷத்தன்று கூட்டம் நெரியும். அமைதியாகத் தரிசிக்க விரும்புவோர் வேறு நாளில் வர வேண்டும். அங்கிருந்து நாகலாபுரம் போனால், கிருஷ்ணதேவராயர் தம் தாய் நாகலாம்பாளின் பெயரால் அமைத்த ஊரில், மச்ச உருவில் வேதநாராயணப் பெருமாள் எழுந்தருளியிருக்கிறார். மேற்கு நோக்கிய சன்னதி இது. மார்ச் மாதத்தில் மூன்று நாள் மாலைவெயில் கோபுர வாயில்களைக் கடந்து கருவறைக்குள் சென்று, முதல் நாள் திருவடியில் தொடங்கி மூன்றாம் நாள் திருமுடியில் படியும். அந்த நாட்களுக்குரிய தேதியைக் கோயிலில் விசாரித்துக்கொண்டு வாருங்கள். நேரம் மிஞ்சினால் ராமகிரிக்கும் போகலாம். மலையடிவாரத்துச் சுனைநீர் அங்கே நந்தியின் வாய் வழியே குளத்தில் இடைவிடாமல் விழுகிறது.

காளஹஸ்திக்கு ராகு கேது பூஜைக்காகப் போவோர் அதற்கென்றே ஒரு நாளை ஒதுக்க வேண்டும். வரிசையில் எவ்வளவு நேரம் ஆகும் என்பது யார் கையிலும் இல்லை. 1516இல் எழுப்பிய பழைய ராஜகோபுரம் 2010இல் இடிந்து, புதிதாகக் கட்டிய கோபுரத்துக்கு 2017இல் குடமுழுக்கு நடந்தது. திரும்பும் வழியில் கலம்காரித் துணி வாங்க விரும்பினால், மூங்கில் எழுதுகோலால் கையால் வரைந்ததுதானா என்று கேட்டு வாங்குங்கள். அச்சுத் துணிகளும் அதே பெயரில் விற்கின்றன. தடா அருவியில் மழைக்காலத்துக்குப் பிறகு உயிரிழப்புகள் நேர்ந்திருக்கின்றன. வனத்துறை அனுமதிக்கும் நாளில், நீச்சல் தெரிந்தவராக இருந்தாலும் ஆழமான மடுக்களில் இறங்காமல், பெரியவர்கள் துணையோடு மட்டும் போக வேண்டும்.

எல்லையைத் தாண்டியதும் பேருந்துகளின் பெயர்ப்பலகை பெரும்பாலும் தெலுங்கில்தான் இருக்கும். அண்ணா, அக்கா என்று அழைத்துத் தமிழிலேயே வழி கேட்கலாம். தடா, சூலூர்பேட்டை, நாகலாபுரம் எங்கும் தமிழ் புரியும், பலர் வீட்டில் பேசுவதே தமிழ்தான். வாடகைக் காரில் வருவோர், வண்டிக்கு ஆந்திரத்துக்குள் செல்ல அனுமதி உண்டா என்று முதல் நாளே ஓட்டுநரிடம் கேட்டுவிட வேண்டும். சாப்பாட்டில் பருப்புப் பொடியும் நெய்யும் கோங்கூராவும் தயங்காமல் கேளுங்கள். காரம் தாங்காத பிள்ளைகளுக்குத் தயிரை முதலிலேயே வாங்கி வைத்துவிடுங்கள். சூலூர்பேட்டையிலிருந்து சென்னைக்கு வரும் ரயில்கள் கும்மிடிப்பூண்டி ரயில்களைவிடக் குறைவு. ஆகவே திரும்பும் ரயிலின் நேரத்தைக் காலையில் இறங்கியவுடனே நிலையத்தில் பார்த்துக் குறித்துக்கொண்டு, அதற்கு முந்தைய ரயிலைக் கணக்கில் வைத்தே பொழுதைத் திட்டமிடுங்கள்.