எட்டோஷாவில் வண்டியை ஓட்டாதீர்கள், நிறுத்துங்கள்

நமீபியாவின் எட்டோஷா தேசியப் பூங்காவுக்கு வாடகை வண்டியில் நீங்களே ஓட்டிக்கொண்டு போனால், விலங்குகளைத் தேடி அலையாதீர்கள். ஒரு நீர்நிலையைப் பார்த்து, வெயில் முதுகுப் பக்கம் விழும்படி வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் உட்காருங்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே மழை கிட்டத்தட்ட கிடையாது. சுமார் 4,800 சதுர கிலோமீட்டர் உப்புப் படுகையும் காய்ந்து கிடக்கும். குடிக்க வேறு வழியில்லாமல் யானை, வரிக்குதிரை, அவற்றின் பின்னாலேயே சிங்கம் என்று எல்லாம் ஊற்றுகளுக்கும் ஆழ்துளைக் கிணற்றுத் தொட்டிகளுக்கும்தான் வந்தாக வேண்டும். பெட்ரோலும் மிச்சம். இரவுக்கு ஒகாகுயேஜோ முகாமில் தங்கினால், விளக்கு போட்ட நீர்நிலைக்குக் கறுப்புக் காண்டாமிருகம் வருவதை நடந்துபோயே பார்க்கலாம்.

ஒன்று, வேலி போட்ட இடங்களைத் தவிர வேறெங்கும் வண்டியை விட்டு இறங்கக்கூடாது. கழிப்பறை வேலையை முன்பே முடித்துவிடுங்கள்!

டிசம்பர் முதல் மார்ச் வரை இது பலிக்காது. மழைத் தண்ணீர் ஆங்காங்கே குட்டையாகத் தேங்கி, விலங்குகள் சிதறிவிடும். அப்போது சரி, சுற்றத்தான் வேண்டும்.