அப்பா அம்மாவோடு ரைன் தாண்டும் முன்: ஷெங்கன் விசா, படிப்படியாக

நான் இருப்பது ஃப்ரைபுர்க்கில். ஜெர்மனியின் தென்மேற்கு மூலை. ரயில் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் சுவிட்சர்லாந்தின் பாசல். மேற்கே ரைன் ஆற்றைத் தாண்டினால் பிரான்ஸ். 2025 மே மாதம் திருச்சியிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். வந்த இரண்டாம் நாளே அப்பா கேட்டார்: "பக்கத்துலதானே சுவிஸ்ஸு இருக்கு, அதுக்குத் தனியா விசா எடுக்கணுமா?"

வேண்டாம். ஆனால் அந்த "வேண்டாம்" எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பதை நான் கொஞ்சம் அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டேன். இந்திய பாஸ்போர்ட்டோடு சுற்றிப்பார்க்க வருபவர்களையும், அவர்களை வரவழைக்கும் என் மாதிரி ஆட்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன்.

படி 1: மூன்று வரைபடங்களைப் பிரித்துக்கொள்ளுங்கள்

"ஐரோப்பா விசா" என்று ஒன்று கிடையாது. ஐரோப்பிய ஒன்றியம் ஒரு வரைபடம், 27 நாடுகள். தங்களுக்கு இடையிலான எல்லைகளில் வழக்கமான பாஸ்போர்ட் சோதனை இல்லாத ஷெங்கன் பகுதி இன்னொன்று, 29 நாடுகள். யூரோ புழங்கும் நாடுகள் மூன்றாவது. மூன்றும் ஒன்றின்மேல் ஒன்று சரியாகப் பொருந்தாது. சுவிட்சர்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து, லிக்டன்ஸ்டைன் நான்கும் ஒன்றியத்தில் இல்லை, ஷெங்கனில் உண்டு. அயர்லாந்து ஒன்றியத்திலும் உண்டு, யூரோவும் உண்டு, ஷெங்கனில் இல்லை. சைப்ரஸும் ஷெங்கனுக்கு வெளியே. பிரிட்டன் மூன்றிலுமே இல்லை.

விசாவுக்கு நீங்கள் பார்க்க வேண்டியது ஷெங்கன் வரைபடம் ஒன்றைத்தான். அதிலும் பழைய படத்தை நம்பாதீர்கள். குரோஷியா 2023 ஜனவரி 1 அன்று சேர்ந்தது. ருமேனியா, பல்கேரியா இரண்டுக்கும் விமான, கடல் வழிக் கட்டுப்பாடு 2024 மார்ச் 31-லும், தரைவழிக் கட்டுப்பாடு 2025 ஜனவரி 1-லும் நீங்கியது.

படி 2: எந்த நாட்டிடம் கேட்பது

அதிக நாள் எங்கே தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். ஜெர்மனியில் ஆறு இரவு, பிரான்ஸில் மூன்று, சுவிஸில் இரண்டு என்றால் ஜெர்மனி. நீங்கள் இறங்குவது பாரிஸ் விமான நிலையமாக இருந்தாலும் ஜெர்மனிதான். நாட்கள் சமமாக இருந்தால் மட்டும் முதலில் நுழையும் நாடு.

"அந்த நாட்டுக்கு அப்பாயின்ட்மென்ட் சீக்கிரம் கிடைக்குது, அங்க போட்டுடலாம்" என்று யோசனை சொல்ல ஆள் இருப்பார்கள். கேட்காதீர்கள். ஒரு நாட்டின் விசாவை வாங்கிவிட்டு அந்தப் பக்கமே போகாமல் இருப்பது எல்லையில் கேள்வியை வரவழைக்கும். விசாவையே ரத்து செய்யலாம்.

கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ (2024 ஜூன் 11 முதல்), 6 முதல் 11 வயதுவரை 45 யூரோ, அதற்குக் கீழே இலவசம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசி வரம்பு 15 நாள். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் மூன்றைப் பாருங்கள்: கடந்த பத்து வருஷத்துக்குள் வாங்கியதா, திரும்பும் தேதிக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுமா, இரண்டு பக்கமாவது காலியா.

பெற்றோரின் செலவை நீங்கள் ஏற்பதாக இருந்தால், ஜெர்மனியில் அதற்கு ஒரு உறுதிமொழிப் பத்திரம் உண்டு. பெயர் ஃபெர்ப்ஃப்லிஷ்டுங்ஸ்எர்க்லேருங். இரண்டு வருஷம் ஜெர்மன் படித்தவனுக்கே ஒரே மூச்சில் வராது. ஊரிலுள்ள வெளிநாட்டினர் அலுவலகத்தில் சம்பளச் சீட்டோடு போய் 29 யூரோ கட்டி வாங்க வேண்டும்.

நான் கோட்டைவிட்டது விண்ணப்பப் படிவத்தில். எத்தனை முறை நுழைவு வேண்டும் என்று கேட்கும் இடத்தில், "ஒரு தடவைதானே வர்றாங்க" என்று ஒன்றை டிக் செய்துவிட்டேன். பல முறை என்று கேட்டால் கொடுத்தே தீர வேண்டும் என்றில்லைதான். ஆனால் நான் கேட்கவே இல்லை. இந்தத் தப்பு படி 6-ல் திரும்பி வரும்.

படி 3: ஸ்டிக்கரை உட்கார்ந்து படியுங்கள்

விசா வந்ததும் எல்லோரும் செய்வது, போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவது. அதற்கு முன் ஐந்து நிமிஷம் கொடுங்கள். அப்பாவின் ஸ்டிக்கரை வைத்தே சொல்கிறேன்.

மேல் வரியில் "கூல்டிஷ் ஃப்யூர்: ஷெங்கனர் ஷ்டாட்டன்" என்று இருந்தது. ஷெங்கன் நாடுகள் அனைத்துக்கும் செல்லும் என்று பொருள். இந்த இடத்தில் ஒரே ஒரு நாட்டின் பெயர் இருந்தால், அந்த விசா அந்த நாட்டுக்கு மட்டும்தான். பக்கத்து நாடு, பத்து நிமிஷ டிராம் என்றாலும் போகக்கூடாது.

அடுத்த வரியில் இரண்டு தேதிகள்: 05-05-25 முதல் 18-06-25 வரை. எண்ணிப் பார்த்தால் 45 நாள். அப்பா உடனே, "நாப்பத்தஞ்சு நாள் குடுத்துட்டான்டா!" என்றார். இல்லை. கீழே தங்கும் காலம் என்ற கட்டத்தில் 30 நாள் என்று இருந்தது. உண்மையான கணக்கு அதுதான். 45 என்பது சன்னல் மாதிரி. அந்தச் சன்னலுக்குள் எப்போது வேண்டுமானாலும் நுழையலாம், ஆனால் மொத்தம் 30 நாள்தான் இருக்கலாம். விமானம் தாமதமானால், தேதி தள்ளினால் சமாளிக்கட்டும் என்று வழக்கமாகக் கூடுதலாகச் சேர்க்கும் 15 நாள்தான் அந்த வித்தியாசம். மே 5 அன்று இறங்கினால் ஜூன் 3-க்குள் வெளியேறியிருக்க வேண்டும். ஜூன் 18 என்று நினைத்துத் திரும்பும் டிக்கெட் போட்டிருந்தால் முடிந்தது கதை.

மூன்றாவது, நுழைவு எண்ணிக்கை. 01, 02, அல்லது பல முறை என்பதைக் குறிக்கும் எம்-யூ-எல்-டி என்ற நான்கு எழுத்து. எங்களுடையது 01. அதாவது ஷெங்கன் பகுதிக்குள் ஒரே ஒரு முறை நுழையலாம். ஜெர்மனியிலிருந்து சுவிஸ், சுவிஸிலிருந்து பிரான்ஸ், திரும்ப ஜெர்மனி என்று எத்தனை முறை சுற்றினாலும் அது ஒரே நுழைவுதான், ஏனென்றால் ஷெங்கன் என்ற வேலிக்கு உள்ளேயே இருக்கிறீர்கள். ஒரு காலை வேலிக்கு வெளியே வைத்தால் அந்த 01 தீர்ந்துபோகும்.

படி 4: நாட்களை எண்ணுவது

ஒரே முறை வந்து போகிறவர்களுக்கு ஸ்டிக்கரில் உள்ள எண் போதும். ஆனால் இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் இரண்டுமே கணக்கில் சேரும். இரவு 11.50-க்கு இறங்கினாலும் அது ஒரு முழு நாள்.

பல நுழைவு விசா வைத்திருப்பவர்களுக்கு 180-க்கு 90 என்ற விதி. எந்த நாளை எடுத்தாலும், அந்த நாளையும் சேர்த்துப் பின்னோக்கி 180 நாள் எண்ணுங்கள். அதற்குள் ஷெங்கனில் இருந்த நாட்கள் 90-ஐத் தாண்டக்கூடாது. இது ஜனவரி முதல் ஜூன், ஜூலை முதல் டிசம்பர் என்று வெட்டிய அரையாண்டு அல்ல. தினமும் ஒரு நாள் நகரும் 180 நாள் கட்டம். உதாரணத்துக்கு, உங்கள் அம்மா மார்ச் 5-ல் வந்து ஜூன் 2-ல் போகிறார். மார்ச்சில் 27, ஏப்ரலில் 30, மேயில் 31, ஜூனில் 2. மொத்தம் சரியாக 90. மறுபடி எப்போது வரலாம்? ஆகஸ்ட் 31 அன்று பின்னோக்கி எண்ணினால் அந்தக் கட்டத்தின் தொடக்கம் மார்ச் 5-லேயே விழுகிறது. 90-ம் உள்ளேதான் இருக்கின்றன, இடமில்லை. செப்டம்பர் 1 அன்று மார்ச் 5 வெளியே விழுகிறது, ஒரு நாள் காலியாகிறது. அதன்பின் தினம் ஒன்று. ஆக, செப்டம்பர் 1 முதல் வரலாம். கையால் எண்ண அலுப்பாக இருந்தால் ஐரோப்பிய ஆணையத்தின் தளத்திலேயே இதற்கொரு கால்குலேட்டர் இருக்கிறது.

முன்பு முத்திரையைப் பார்த்து எண்ணுவார்கள், மங்கலாக விழுந்த முத்திரை தப்பவிட்டதும் உண்டு. 2025 அக்டோபர் 12 முதல் வெளி எல்லைகளில் கணினிப் பதிவு முறை படிப்படியாக வந்திருக்கிறது. வந்த நாளும் போன நாளும் முகப்படத்தோடு பதிவாகும். ஒரு நாள் கூடினாலும் இயந்திரம் காட்டிக்கொடுக்கும்.

படி 5: ரயிலிலும் பாஸ்போர்ட் கையில்

"ஷெங்கனுக்குள்ளே செக்கிங் கிடையாது" என்பது பாதி உண்மை. ஜெர்மனி 2024 செப்டம்பர் 16 முதல் தன் தரை எல்லைகள் எல்லாவற்றிலும் தற்காலிகச் சோதனை வைத்தது, நீட்டித்துக்கொண்டும் வந்தது. பிரான்ஸ் 2015-லிருந்தே புதுப்பித்துக்கொண்டு வருகிறது. எல்லோரையும் நிறுத்த மாட்டார்கள். ஆனால் நிறுத்தினால் அசல் பாஸ்போர்ட் வேண்டும். போனில் இருக்கும் போட்டோ செல்லாது.

பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்கிலிருந்து டிராமில் ரைன் பாலத்தைத் தாண்டி ஜெர்மனியின் கேலுக்கு வந்துகொண்டிருந்தோம். கேலில் இரண்டு போலீஸ்காரர்கள் ஏறினார்கள். அம்மா பாஸ்போர்ட்டை எடுக்கக் கைப்பையைக் கவிழ்த்தார்: விபூதிப் பொட்டலம், மாத்திரை டப்பா, கைக்குட்டையில் முடிந்த சில்லறை, கடைசியில் பாஸ்போர்ட். அந்த இளம் போலீஸ்காரி சிரித்துக்கொண்டே ஸ்டிக்கர் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கொடுத்தார். எங்களுக்கு இரண்டு சீட் தள்ளி இருந்த பையனிடம் கல்லூரி அடையாள அட்டை மட்டும்தான் இருந்தது. அவனை இறக்கிக் கூட்டிப்போனார்கள்.

படி 6: வேலிக்கு வெளியே போகும் பக்கத்து ஊர்கள்

குரோஷியா போக வேண்டும் என்று அப்பாவுக்கு ஆசை. டுப்ரோவ்னிக்கில் மூன்று நாள், அங்கிருந்து பஸ்ஸில் மோஸ்டார் போய்ப் பழைய பாலத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புவது என்று திட்டம் போட்டிருந்தேன். மோஸ்டார் இருப்பது போஸ்னியாவில். போஸ்னியா ஷெங்கனில் இல்லை. அங்கே போனால் 01 தீர்ந்தது, டுப்ரோவ்னிக் ஹோட்டலில் வைத்த பெட்டியை எடுக்கக்கூடத் திரும்ப முடியாது. மோஸ்டாரைத் திட்டத்திலிருந்து அடித்துவிட்டேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை, "பாலம்தானே, காவேரிப் பாலம் பாக்காததா" என்றார். எனக்குத்தான் உறுத்தியது.

குரோஷியாவிலேயே இன்னொரு பொறி. ஸ்ப்ளிட்டிலிருந்து டுப்ரோவ்னிக் போகும் பழைய கடற்கரைச் சாலை நடுவில் போஸ்னியாவின் நேயூம் ஊர் வழியாகப் போகும். 2022 ஜூலையில் பெல்யெஷாட்ஸ் பாலம் திறந்தபிறகு போஸ்னியாவைத் தொடாமலே போகலாம். பஸ் டிக்கெட் எடுக்கும்போது எந்த வழி என்று கேட்டுவிட்டு எடுங்கள்.

போஸ்னியா, மான்டினீக்ரோ, அல்பேனியா, செர்பியா போன்றவை செல்லுபடியாகும் ஷெங்கன் விசா உள்ளவர்களைக் குறிப்பிட்ட நாட்களுக்குத் தனி விசா இல்லாமல் அனுமதிக்கின்றன, பெரும்பாலும் பல நுழைவு விசாவாக இருந்தால். பிரிட்டன், அயர்லாந்து இரண்டுக்கும் ஷெங்கன் விசா உதவாது. அந்தோரா சுவாரசியமானது. தனி விசா கேட்பதில்லை, ஆனால் ஷெங்கனில் இல்லாததால் பிரான்ஸுக்கோ ஸ்பெயினுக்கோ திரும்பி வர இரண்டாவது நுழைவு வேண்டும். விமானமும் கிடையாது, போவதும் வருவதும் அந்த இரண்டு நாடு வழியாகத்தான்.

பல நுழைவு கிடைக்குமா என்று கவலைப்படுபவர்களுக்கு நல்ல செய்தி: 2024 ஏப்ரல் முதல், மூன்று வருஷத்துக்குள் இரண்டு ஷெங்கன் விசாவை ஒழுங்காகப் பயன்படுத்திய, இந்தியாவில் வசிக்கும் இந்தியர்களுக்கு இரண்டு வருஷப் பல நுழைவு விசா தரலாம், அதன்பின் ஐந்து வருஷத்துக்கு என்று விதி வந்திருக்கிறது.

படி 7: இங்கேயே வசிப்பவர்களுக்கு

ஜெர்மன் குடியிருப்பு அட்டை உங்களிடம் இருந்தால் மற்ற ஷெங்கன் நாடுகளில் 180-க்கு 90 நாள் சுற்றலாம். ஜெர்மனியில் இருக்கும் நாட்கள் அதில் சேராது. அட்டை, பாஸ்போர்ட் இரண்டையும் சேர்த்தே கொண்டுபோங்கள். அங்கே வேலை செய்யும் உரிமை இதில் இல்லை.

படி 8: ஆட்டுக்கறி

சுவிஸ் ஷெங்கனில் இருந்தாலும் ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்கப் பகுதியில் இல்லை. ஆள் தடையில்லாமல் போகலாம், பைக்குத்தான் கணக்கு. 2025 ஜனவரி 1 முதல் ஆளுக்கு நாளொன்றுக்கு 150 ஃப்ராங்க் வரை பொருள் வரியில்லாமல் கொண்டுபோகலாம், அதற்கு முன் 300 ஆக இருந்தது. இறைச்சி தனி: ஆளுக்கு ஒரு கிலோ. மேலே போனால் பத்து கிலோ வரை கிலோவுக்கு 17 ஃப்ராங்க் சுங்கவரி.

பாசலில் இருக்கும் பெரியம்மா மகள் போனில், "வரும்போது நாலு கிலோ ஆட்டுக்கறி வாங்கிட்டு வா தம்பி, இங்க விலை கட்டுப்படியாகாது" என்றாள். நாங்கள் மூன்று பேர். மூன்று கிலோ வாங்கி, மூன்று பையில் பிரித்து, அப்பாவிடம் ஒன்று, அம்மாவிடம் ஒன்று, என்னிடம் ஒன்று என்று ஜெர்மன் எல்லை ஊரான வைல் அம் ரைனில் பாசல் போகும் எட்டாம் எண் டிராம் ஏறினோம். யாரும் சோதிக்கவில்லை. இறங்கும்வரை அம்மா மட்டும் தன் பையைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டே வந்தார், எடை கூடிவிட்டதோ என்று.